நெய்யாற்றுத் தேசத்தில் கருவிகள் இறங்கிவந்த வரலாறு

களியக்காவிளையைக் கடந்து வடமேற்கே செல்லும் பெருவழியில், தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் பாறசாலை தொடங்கும் இடத்தைக் கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதைக் கொண்டு அறியலாமே அன்றி, மண்ணின் நிறத்தைக் கொண்டோ, தென்னையும் மரச்சீனியும் ரப்பரும் அடுத்தடுத்து நிற்கும் நிலையைக் கொண்டோ, தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கைகோத்து நடக்கும் மக்களின் பேச்சைக் கொண்டோ அறிந்துவிட முடியாது. அகஸ்தியகூடத்தில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலோடு கலக்கும் நெய்யாறும், ஆடி மாதத்தில் மேற்குக் கடலிலிருந்து எழுந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே கிழக்கே பாயும் காற்றும், இரண்டு ராஜ்யங்களுக்கும் பொதுவாகவே தம் தொழிலைச் செய்துவருகின்றன.

இந்தப் பிரதேசத்துப் பள்ளிச் சிறுவர் சிறுமியர் இன்று மழைமானியில் நீரளந்து குறிக்கிறார்கள்; கணினித் திரையில் தம் ஊரின் வரைபடத்தை விரித்துக் குளங்களையும் ஓடைகளையும் அடையாளமிடுகிறார்கள்; கிணற்று நீரைச் சோதனைக்குழாயில் பரிசோதித்துப் பார்க்கிறார்கள்; சூரிய ஒளி மின்சாரமாவதைப் பள்ளிக் கூரையின்மீது காண்கிறார்கள். இவையெல்லாம் நேற்று முளைத்த நூதனங்கள் என்று எண்ணுவோர் பலர். சரித்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கின், இயற்கையை அளந்தறியும் உபகரணங்கள் இந்த நிலத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன என்பதும், அரண்மனையிலும் மலைச்சிகரத்திலும் இருந்த அவை ஒரு கூலித்தொழிலாளியின் மகள் கைக்கு வந்து சேர்வதற்குத்தான் இத்தனை காலம் பிடித்தது என்பதும் தெளிவாகும். அந்தத் தாமதத்தின் வரலாறே என் விஷயம்.

கல்விக்கு இந்த மண் புதியதன்று. விழிஞத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த ஆய் மன்னருள் ஒருவனான கருநந்தடக்கன், கி.பி. 866-ஆம் ஆண்டில், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்றுநிலம் கொடுத்துப் பெற்ற பூமியில் பார்த்திவசேகரபுரத்துத் திருமாலுக்குக் கோயிலெடுத்து, அதனோடு சேர்த்து 95 மாணவர்கள் தங்கிக் கற்பதற்கு ஒரு சாலையையும் நிறுவினான். அதன் செப்பேடுகள், மாணவர் இடங்கள் எந்தெந்த வேதப் பிரிவினருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதையும், சாலைக்குள் ஆயுதத்தோடு வரலாகாது, ஒருவரையொருவர் வையலாகாது என்று விதிப்பதையும் படிக்கும்போது, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு விடுதியின் ஒழுங்கு நம் கண்முன் நிற்கிறது. இந்தச் சாலைக்கு முன்மாதிரியாயிருந்த காந்தளூர்ச்சாலையைப் பற்றி நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் ஆராய்ந்து எழுதியது அறிஞர்கள் நன்கறிந்தது. ஆயின் அந்த 95 இடங்களும் பிறப்பினால் வரையறுக்கப்பட்டவை என்பதை நாம் மறக்கலாகாது. சாலையின் நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

பிற்காலத்துக்கு வருவோம். 1817-இல், ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சிக் காலத்தில், குடிகளின் கல்விச் செலவை ராஜாங்கமே ஏற்க வேண்டும் என்ற கருத்தமைந்த பிரகடனம் ஒன்று திருவிதாங்கூரில் பிறந்தது. அதற்கு முன்பே மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய மிஷன் பள்ளியும், பின்னர் நாகர்கோவிலில் மீட் பாதிரியார் நடத்திய கல்விப்பணியும் அச்சுக்கூடமும் தென் தாலுக்காக்களில் வேர்விட்டிருந்தன. நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திவந்த ராபர்ட்ஸ் என்ற உபாத்தியாயர் 1834-இல் திருவனந்தபுரத்துக்கு அழைக்கப்பட்டதும், 1836-இல் அவர் பள்ளி மகாராஜாவின் இலவசப் பாடசாலையாக ஏற்கப்பட்டதும், சுவாதித் திருநாள் மகாராஜாவின் விஞ்ஞான ஆர்வத்தோடு சேர்ந்த செய்திகள். அந்த ஆர்வத்தின் பயனாகவே, ஆலப்புழையில் வர்த்தக ஏஜண்டாயிருந்து வானசாஸ்திரத்தில் ஈடுபாடு கொண்டிருந்த ஜான் கால்டிகாட்டைக் கொண்டு 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. கிரகங்களை மட்டுமன்றி, வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் மழையையும் ஒழுங்காகக் குறித்துவைக்கும் வழக்கம் இந்த நாட்டில் அங்கிருந்துதான் தொடங்கிற்று.

கால்டிகாட்டுக்குப் பின், 1852-இல் அந்நிலையத்தின் தலைமையை ஏற்க ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆலன் பிரௌன் செய்த காரியம் நெய்யாற்றுத் தேசத்தின் சரித்திரத்தில் தனியிடம் பெறத் தக்கது. பூமியின் காந்தசக்தி நாள்தோறும், மணிதோறும் எவ்வாறு மிக நுண்ணிய அளவில் மாறுகிறது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். காந்த மத்தியரேகைக்கு அருகில் திருவனந்தபுரம் அமைந்திருந்தமையால் உலகத்து விஞ்ஞானிகளுக்கு அந்த ஊர் அரியதோர் இடமாயிற்று. சமவெளியில் காணும் மாறுதல் ஆறாயிரம் அடி உயரத்திலும் அப்படியே காணுமா என்பதை அறிய விரும்பிய பிரௌன், நெய்யாறு பிறக்கும் அகஸ்தியகூடச் சிகரத்தையே தேர்ந்தெடுத்து, காட்டை வெட்டி வழிசெய்து, தட்டுமுட்டுகளையும் நுண்கருவிகளையும் ஆட்களைக் கொண்டு சுமந்தேற்றி, 1855-இல் அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டினார். மேகம் சூழ்ந்த அந்த உச்சியில், குளிருக்குப் பழகாத சமவெளி மனிதர்கள், ஆடும் காந்த ஊசியின் நிலையைக் குறித்த நேரத்துக்குக் குறித்த நேரம் பார்த்து எழுதினார்கள். திருவனந்தபுரத்திலும் அகஸ்தியமலையிலும் 1852 முதல் 1869 வரை எடுத்த அளவைகள் 1874-இல் நூலாக வெளிவந்தபோது, அதன் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் நம் நாட்டு உதவியாளர் ஒருவருடைய கண்விழிப்பு இருந்தது. 1865-இல் பிரௌன் நாடு திரும்பிய பிறகு சிகரத்துக் கூடம் நீடிக்கவில்லை.

அதே மலைக்காட்டில், எந்தக் கருவியும் இல்லாமலே, எந்த இலை எந்த நோவுக்கு ஆகும் என்று அறிந்திருந்த காணி மக்கள் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். 1987-இல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிகள் களைப்பு நீங்கத் தின்ற ஒரு சிறுசெடியின் கனியே, பிற்காலத்தில் ‘ஆரோக்கியப்பச்சை’ என்று உலகம் முழுதும் பேசப்பட்டு, பழங்குடியினரின் அறிவிலிருந்து வரும் ஆதாயத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்னும் கொள்கைக்கு முதல் உதாரணங்களில் ஒன்றாயிற்று. இயற்கைக் கல்வியைப் பற்றிப் பேசும்போது இந்த அறிவை ஒதுக்கிவிட்டுக் கருவிகளை மட்டும் கொண்டாடுவது பெருங்குறையாகும்.

சிகரத்தில் உலகத்துக்கான அளவைகள் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், அடிவாரத்தில் என்ன நிலை? அதற்குச் சற்று முன்பே, 1840-களின் நடுவில், ஜான் ஆப்ஸ் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் பாறசாலையில் நிலையமைத்துப் பள்ளிகளைப் பெருக்கினார். அவருக்குப் பின் வந்த சாமுவேல் மட்டீர் இந்த நாட்டின் மரம், பறவை, தொழில், வழக்கம் யாவற்றையும் பற்றி 1871-லும் 1883-லும் இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். மிஷன் பள்ளிகளில் பனையேறிகளின் பிள்ளைகளும் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்களின் பிள்ளைகளும் எழுத்தறிந்தனர். ஆனால் சர்க்கார் பள்ளியின் வாசல் பின்னவர்களுக்கு அடைத்தே கிடந்தது. வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த மகாத்மா அய்யங்காளி, தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயல்களில் வேலை நடவாது என்று அறிவித்து, உழவுத் தொழிலாளரைக் கொண்டு நீண்டதொரு வேலைநிறுத்தத்தை நடத்தியது, கூலிக்காக அல்லாமல் கல்விக்காக நடந்த போராட்டம் என்பதனால் உலகத் தொழிலாளர் சரித்திரத்திலேயே அபூர்வமானது.

1910-களில் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவின் ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யங்காளி கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அரசாணை இருந்தும் ஆதிக்கச் சாதியார் பொறுக்கவில்லை. கலகம் மூண்டது, பள்ளிக்குத் தீ வைத்தனர். அந்தத் தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்றைப் பள்ளி இன்றளவும் பாதுகாத்துவருகிறது. இந்தப் பிரதேசத்துப் பள்ளிகளில் உள்ள கணினிகள், ஒளிப்படக் கருவிகள், வானிலைமானிகள் யாவற்றைப் பற்றியும் எழுதப் புகுந்த நான், அவற்றையெல்லாம்விட மேலான ஆசானாக அந்தக் கருகிய பலகையை மதிக்கிறேன். ஏனெனில் வகுப்பறைக்குள் எந்தக் கருவி இருக்கிறது என்ற கேள்விக்கு முன்னால், வகுப்பறைக்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி நிற்கிறது என்பதை அது மாணவர்க்கு நாள்தோறும் உணர்த்துகிறது.

கருவியைப் பற்றிய அடிப்படை வினாவையும் நெய்யாற்றின்கரை மண்ணில் பிறந்த ஒருவரே கேட்டார். 1904-இல் பிறந்து, சாந்திநிகேதனத்தில் பயின்றுகொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன், 1924-இல் டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, தாங்கள் இயந்திரங்கள் அனைத்துக்குமே விரோதியா என்று வினவினார். இந்த உடலே ஒரு நுண்ணிய இயந்திரம்தானே, அதற்கு நான் எப்படி விரோதியாவேன் என்ற கருத்தில் விடையளித்த காந்தியடிகள், இயந்திரத்தின்மேல் உள்ள மோகத்தையும், அது சிலருடைய கையில் செல்வத்தைக் குவித்துப் பலரை வேலையற்றவராக்குவதையுமே தாம் எதிர்ப்பதாகச் சொல்லி, தையல் இயந்திரத்தை அன்பினால் பிறந்த விதிவிலக்காக எடுத்துக் காட்டினார். மகாதேவ தேசாய் பதிவுசெய்த அந்த உரையாடல் இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. கேள்வி கேட்ட அந்த மாணவரே பின்னர், 1937-இல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக்கல்வியின் ஊழியருள் ஒருவராகி, தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்தோடு 1947-இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியருகே காந்திகிராமத்தை நிறுவித் தமிழ்நாட்டுக்கும் உரியவரானார். கையால் ஒன்றைச் செய்துகொண்டே அதன் வாயிலாக அறிவைப் பெறுவது என்ற அவர் கொள்கையை உரைகல்லாகக் கொண்டு பார்த்தால்தான், இன்றைய பள்ளித் தொழில்நுட்பத்தில் பொன் எது, பித்தளை எது என்று பிரித்தறிய முடியும்.

மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழர் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நதியின் மேலே நடந்துகொண்டிருந்த அணைவேலை அதற்கு முன்பே, இரு பகுதியும் ஒரே ராஜ்யமாயிருந்த நாளில் தொடங்கியது. 1958-இல் நெய்யாறு அணை திறக்கப்பட்டபோது, அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டின் வயல்களுக்கும் நீர் கொண்டுவந்தது. ஏறக்குறைய 9,200 ஏக்கர் நிலம் அதனை நம்பியிருந்தது. 2004-இல் கேரளம் அந்த நீரை நிறுத்தியதும், 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியதும் வேறு சரித்திரம். என் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றே. ஒரே நதியை இருபுறத்துப் பிள்ளைகளும் இருவேறு பாடப்புத்தகங்களில், எதிர்க்கரை என ஒன்று இல்லாததுபோலக் கற்கத் தொடங்கினார்கள். அணைக்கு மேலே காடு எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கிறது, ஆற்று மணலை வாரியதனால் கிணறுகளின் நீர்மட்டம் என்னவாயிற்று, கால்வாய் வற்றிய பிறகு வயல் எப்படி ரப்பர்த் தோட்டமும் வீட்டுமனையுமாயிற்று என்பவை ஒரே பாடத்தின் மூன்று அங்கங்கள். அவற்றை எல்லைக்கல் துண்டாடிவிட்டது.

1962-இல் கோழிக்கோட்டில் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் பேசவைத்த இயக்கம். 1969-இல் ‘சாஸ்திரகேரளம்’, 1970-இல் ‘யுரேகா’ என்று பிள்ளைகளுக்கான பத்திரிகைகளைத் தொடங்கி, கிராமப் பள்ளிகளில் விஞ்ஞானப் போட்டிகளும் உற்சவங்களும் நடத்தியது. அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை வேண்டுமா, காடு வேண்டுமா என்ற வாதம் எழுந்தபோது, மின்சாரமும் சுற்றுச்சூழலும் ஒரே தராசின் இரு தட்டுக்கள் என்பதை ஒரு தலைமுறை மாணவர்க்கு அது கற்பித்தது. விறகைக் குறைவாக எரிக்கும் பரிஷத் அடுப்பு, எரிசக்திப் பாடத்தை நேரே அடுக்களைக்குள் கொண்டுசென்றது. புகையில் கண் கசக்கிய தாய்க்கு, எரிதலின் இலக்கணத்தைப் பள்ளியில் படித்த மகள் விளக்கிச் சொல்லும் நிலை வந்ததை நான் சிறிய சாதனையாகக் கருதவில்லை. எல்லைக்கு இப்பால், 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் அதே பணியைத் தமிழில் செய்தன. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, பிள்ளைகளே தம் ஊரில் ஒரு விஷயத்தை அளந்து ஆராய்ந்து வந்து சொல்ல வேண்டும் என்ற விதியோடு, எரிசக்தியையும் வானிலையையும் பொருளாகக் கொடுத்தபோது, கேரளத்துப் பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஒரே தலைப்பில் உழைத்தனர்.

நெய்யாற்றின்கரைத் தாலுக்காவிலேயே நடந்த பெரிய பரிசோதனை ஒன்று பாடப்புத்தகங்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. பழைய ஆய் தலைநகரான விழிஞத்தில், மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றை நிறுவினர். அது 1991-இல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதலாவது. அதன் திறன் 150 கிலோவாட். ஏறத்தாழ 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டகம் கடலடியில் ஊன்றப்பட்டது. பெட்டகத்தின் கீழ்ப்புறம் நீருக்குள் திறந்திருக்கும். அலை உள்ளே ஏறும்போது பெட்டகத்தின் நீர்மட்டம் உயர்ந்து, மேலேயுள்ள காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும்; அலை இறங்கும்போது அதே காற்றை உள்ளே இழுக்கும். போகும் காற்றும் வரும் காற்றும் எதிரெதிர்த் திசையினவாயினும், அக்குழாயில் பொருத்திய வெல்ஸ் சுழலி, தன் இதழ்கள் இருபுறமும் சமமாய் அமைந்திருப்பதனால், எப்போதும் ஒரே திசையிலேயே சுழலும். பௌதிகப் பாடத்தில் இதைவிட அழகிய உதாரணம் ஒன்று இருக்குமோ என்று நான் வியந்ததுண்டு. பிறகு அந்த மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரை நன்னீராக்கும் முயற்சியும் நடந்தது. உப்புக்காற்றில் இரும்பு அரிப்பதும், அலையின் வேகம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் மின்சாரமும் ஏறியிறங்குவதும், செலவுக்கேற்ற வரவு இல்லாமையும் சேர்ந்து நிலையம் நாளடைவில் கைவிடப்பட்டது. மாசற்ற எரிசக்தியைப் பற்றிக் கற்பிப்போர், வெற்றிபெற்ற முப்பந்தல் காற்றாலைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நல்லதே. விழிஞத்துக்கும் அழைத்துச் சென்று, சூரியனும் காற்றும் அலையும் இலவசமாகக் கிடைப்பினும் அவற்றைப் பிடித்துவைக்கும் கருவி இலவசமன்று என்பதையும் காட்டினால்தான் பாடம் முழுமை பெறும்.

இனிக் கணினியின் காலம். 2001-இல் கேரள அரசு பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. 2004 செப்டம்பரில் விண்ணேறிய எஜுசாட் செயற்கைக்கோளைக் கொண்டு நடத்திய ‘விக்டர்ஸ்’ கல்வி அலைவரிசையை, 2005 ஜூலை 28-ஆம் நாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். 1963-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்த தும்பாவில் தம் இளமையைக் கழித்தவர் அவர். கேரளத்துப் பள்ளிகள் விலைகொடுத்து வாங்கும் மென்பொருளை விடுத்துக் கட்டற்ற மென்பொருளைத் தழுவியது, இந்தக் கதையில் மிகவும் பாராட்டத் தக்க தீர்மானம் என்பது என் துணிபு. ஏனெனில் பள்ளியில் பயின்ற அதே கருவியை மாணவன் வீட்டிலும், மாநில எல்லைக்கு அப்பாலும், காசின்றிப் பயன்படுத்தலாம். வானத்து நட்சத்திரங்களைக் காட்டும் மென்பொருளும், சூரிய வெளிச்சம் பூமியில் எங்கே விழுகிறது என்று காட்டும் மென்பொருளும், நிலவரைபடங்களை அடுக்கடுக்காய் வைத்து ஆராயும் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளும் உயர்நிலைப் பள்ளிப் பாடமாயின. தன் பஞ்சாயத்தின் வரைபடத்தின்மீது ஆற்றை ஒரு படலமாகவும், சாலையை மறுபடலமாகவும் வைத்து, ஆற்றங்கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் எத்தனை வீடுகள் என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கணக்கிடும்போது, முன்னாளில் நிலஅளவைத் துறையினருக்கே உரியதாயிருந்த வித்தை அவள் விரலுக்கு வந்துவிடுகிறது.

2018-இல் மாணவர்களே கணினியிலும் மின்னணுவியலிலும் பயிற்சி பெறும் ‘லிட்டில் கைட்ஸ்’ சங்கங்கள் தோன்றின. 2020 ஜூன் 1-ஆம் நாள், கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, விக்டர்ஸ் வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக ஊர் நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் திரைகள் வைக்கப்பட்டன. அப்போதுங்கூட, கேட்டுக்கொண்டிருப்பது கல்வியாகாது என்பதைப் பெற்றோர் யாவரும் கண்டுகொண்டனர்.

ஆகவேதான் பள்ளி வானிலை நிலையங்களின் வருகையை நான் பெரிதாக மதிக்கிறேன். சமக்ர சிக்ஷா கேரளம் என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தின் வாயிலாக, பூகோளம் கற்பிக்கும் மேனிலைப் பள்ளிகளில் 2022-ஐ ஒட்டி அமைக்கப்பட்ட இந்நிலையங்களில் விந்தையான இயந்திரம் எதுவுமில்லை. வெள்ளை வர்ணம் பூசிய மரப்பெட்டிக்குள் உச்சநீச வெப்பமானி ஒன்று. ஈரமான துணி சுற்றியது ஒன்றும் உலர்ந்தது ஒன்றுமாக இணைவெப்பமானி. வெளியே மழைமானி, காற்றுத்திசைகாட்டி, கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானி. எழுதிவைக்க ஒரு பலகை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி உலர்ந்ததைவிடக் குறைவாகக் காட்டுவதேன் என்று கேட்கும் பிள்ளைக்கு, நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்ற உண்மை அங்கேயே கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் மிகுகிறது என்பதை ஆனி மாதத்து வாரம் ஒன்றில் அவளே கண்டறிகிறாள். அகஸ்தியகூட உச்சியில் பிரௌனின் ஆட்கள் செய்த காரியமும் குணத்தில் இதுவேதான். குறித்த வேளையில் பார்ப்பது, பார்த்ததைப் பொய்யின்றி எழுதுவது.

மழைமானியின் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். இந்தச் சிறு கணக்கைக் கற்ற பிள்ளை, நூறு சதுர மீட்டர்ப் பள்ளிக்கூரையின்மீது பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் நீர் ஓடையில் வீணே போகிறது என்று தானே கணிக்கும். முன்பு நெய்யாற்றின்கரைத் தாலுக்காவிலேயே இருந்த காட்டாக்கடைப் பகுதியில் 2016-க்குப் பின் ‘ஜலசமிருத்தி’ என்ற பெயரில் நடந்த இயக்கம் அந்தக் கணக்கைக் காரியமாக்கிற்று. குளங்கள் தூர்வாரப்பட்டன, பள்ளிக் கிணறுகளுக்குக் கூரைநீர் வடிகட்டி இறக்கப்பட்டது. நீர்வளத்தில் தொடங்கிய முயற்சி, கரியமில வாயுவின் வெளியேற்றத்தையும் உறிஞ்சலையும் சமமாக்கும் தொகுதி என்ற லட்சியத்துக்கு வளர்ந்து, சூரிய மின்சாரத்தையும் மின்சிக்கனத்தையும் தழுவியது. கேரள அரசின் ஹரித கேரளம் மிஷன், மேனிலைப் பள்ளிகளின் ரசாயன ஆய்வுக்கூடங்களிலேயே நீர்ப் பரிசோதனை வசதிகளை ஏற்படுத்தி, ஊராரின் கிணற்றுநீரை மாணவரே சோதித்துச் சொல்லச் செய்தது.

மின்சாரத்தை அறிவதற்கும் இதே வழிதான். 2017 மே 29-ஆம் நாள் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் எட்டிய மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் கேள்வி, விளக்கு எரிகிறதா என்பதன்று, எதனால் எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்பது. அறுபது வாட் குண்டுபல்பு ஏறத்தாழப் பதினேழு மணி நேரத்தில் ஒரு யூனிட் தின்றால், ஒன்பது வாட் எல்இடி அதே யூனிட்டில் நூற்றுப்பதினொரு மணி நேரம் எரியும். வீட்டு மீட்டரை நாள்தோறும் படித்துக் குறிப்பேட்டில் எழுதும் மாணவனுக்கு இதனை ஒருவர் உபதேசிக்க வேண்டியதில்லை. எரிசக்தி மேலாண்மை மையம் பள்ளிகளில் நடத்திவரும் ‘ஸ்மார்ட் எனர்ஜி’ திட்டத்தின் பயன், ஓவியப்போட்டிகளையும் உறுதிமொழிகளையும்விட, இத்தகைய குறிப்பேடுகளிலேயே நிலைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த அளவைகள் விளையாட்டல்ல என்பதை 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் கொடிய முறையில் காட்டிற்று. தூத்தூர், வள்ளவிளை முதலிய குமரி மாவட்டத்துக் கடற்கரைகளிலும், பொழியூர், பூவாறு, விழிஞம் முதலிய கேரளக் கடற்கரைகளிலும், ஆழ்கடலுக்கு முன்பே சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. விண்கலங்கள் புயலைக் கண்டன. கண்ட செய்தி வள்ளத்தைச் சேரவில்லை. காற்றழுத்தத் தாழ்வு என்றால் என்ன, வானிலை அறிக்கையின் எந்த வரியில் அபாயம் மறைந்திருக்கிறது என்று படித்துச் சொல்லக்கூடிய மகனோ மகளோ ஒவ்வொரு மீனவர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்ற நியாயத்தை, அந்த டிசம்பரின் துக்கத்தைக் கண்ட யாரும் மறுக்கமாட்டார்கள்.

இருபுறத்துப் பள்ளிகளும் தத்தம் அளவைகளைப் பகிர்ந்துகொள்ளுமானால், நெய்யாற்றுத் தேசத்துக்கு எவ்வளவோ நன்மை உண்டாகும். பாறசாலையிலும் களியக்காவிளையிலும் ஒரே நாளில் பெய்த மழையை ஒப்பிடுவதற்கும், அணையருகிலும் பூவாற்றிலும் ஆற்றுநீரின் தன்மையை ஒப்பிடுவதற்கும், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ராஜ்யங்களின் சம்மதமும் வேண்டியதில்லை. இரண்டு தலைமை ஆசிரியர்கள் இசைந்தால் போதும். மொழியும் தடையாகாது. கேரளம் தன் தமிழ் மாணவர்க்காகப் பாடநூல்களைத் தமிழிலேயே அச்சிடுகிறது. 2020-க்குப் பின் ஒளிப்பதிவு வகுப்புகளும் தமிழில் உருவாகின. இணையத்தில் ஏற்றிய அந்தத் தமிழ் வகுப்புகளை, விளவங்கோட்டில் இருக்கும் ஒரு சிறுமி தன் வீட்டுக் கைப்பேசியில் இன்றே திறந்து பார்க்கலாம். பார்த்த பின் குழித்துறையில் பெய்த மழையை அளந்து, நெய்யாற்றின்கரையில் உள்ள தன் வயதொத்தவளுக்கு எழுதி அனுப்பலாம்.